காட்சிக்கான கட்டளை மையங்கள்

கட்டளை மையம் என்பது பல இடங்களிலிருந்து வரும் செய்திகளை ஓரிடத்தில் சேர்த்து, பார்த்து, உடனுக்குடன் முடிவெடுத்து ஆணையிடுவதற்காக அமைக்கப்படும் அறை ஆகும். கட்டுப்பாட்டு அறை, இயக்க அறை, போர் அறை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இராணுவம், உளவுத்துறை, காவல்துறை, பேரிடர் மேலாண்மை, மாநகராட்சி, மின்வாரியம் எனப் பல துறைகளில் இவ்வகை அறைகள் உள்ளன.

இந்த அறைகளுக்கு அறிவிக்கப்படாத இன்னொரு பயனும் உண்டு. பார்வையிட வரும் அமைச்சர்கள், மக்கள் பிரதிநிதிகள், வெளிநாட்டு விருந்தினர்கள் ஆகியோரின் மனத்தில் நம்பிக்கையை உண்டாக்கி, அதன் வழியே நிதியும் அதிகாரமும் பெறுவதே அது. சுவர் முழுதும் ஒளிரும் திரை, மங்கிய நீல வெளிச்சம், வரிசையாக அமர்ந்த பணியாளர்கள், நடுவே உயர்ந்த இருக்கை ஆகியவை இதற்குத் துணை செய்கின்றன. பள்ளியில் ஆண்டாய்வுக்கு முந்திய நாள் சுவருக்கு வெள்ளையடிப்பதும், ஆய்வகப் பொருள்களைத் தூசு தட்டி அடுக்குவதும், சுவரெங்கும் வண்ண அட்டைகளைத் தொங்கவிடுவதும் நம்மவருக்குப் பழக்கமான காட்சிகள். அட்டைகள் அழகாக இருக்கும். ஆறாம் வகுப்பு மாணவனுக்கு வகுத்தல் தெரியுமா என்பதை அந்த அட்டைகள் சொல்லா. கட்டளை மையத்திலும் இதே வேறுபாடு உண்டு. பார்ப்பதற்கு உரியது எது, வேலைக்கு உரியது எது என்று பிரித்தறிவது பொதுப்பணத்துக்கும் குடிமக்களின் உரிமைக்கும் தொடர்புடைய செய்தி என்பதால் அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டளை மையம் இயங்கும் முறை

ஒரு கட்டளை மையத்தில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, செய்தி திரட்டல்: கேமராக்கள், உணர்கருவிகள், தொலைபேசி அழைப்புகள், களப்பணியாளர் அறிக்கைகள் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, சரிபார்த்தல்: வந்த செய்தி உண்மையா, எப்போதையது, ஒரே நிகழ்வு இரு முறை பதிவாகியுள்ளதா என்று ஆராய்தல். மூன்றாவது, முடிவெடுத்தல். நான்காவது, செயல்: ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவலர், மின் ஊழியர் ஆகியோரைக் களத்துக்கு அனுப்புதல்.

பார்வையாளர் கண்ணில் படும் பெருந்திரைச் சுவர் பெரும்பாலும் முதற்படியின் விளைவை மட்டுமே காட்டுகிறது. பல திரைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒன்றாக்கி, ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மூலம் வெவ்வேறு காட்சிகளை அவற்றில் பகிர்ந்து தருவதே திரைச்சுவர். பலரும் ஒரே நேரத்தில் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டிய போது அது பயன் தரும். ஆனால் சரிபார்க்கும் வேலை ஒவ்வொரு பணியாளரின் மேசையில் உள்ள சிறிய திரையிலும், அவர் கையிலுள்ள தொலைபேசியிலும்தான் நடக்கிறது. பத்து அடி உயரத் திரையை விட, அழைத்தவுடன் எடுத்துப் பேசும் ஒரு வட்டாட்சியரின் எண் அதிகம் பயன்படும் நேரங்கள் பல.

திரையைத் தொடர்ந்து கண்காணிக்கும் மனிதரின் கவனத்துக்கும் எல்லை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரேடார் திரை பார்ப்போரின் சோர்வை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது என்று காட்டினார். அவரது ஆய்வு 1948-இல் வெளியானது. ஆகவே ஆயிரம் கேமராக்கள் இணைக்கப்பட்டுள்ளன என்பதால் ஆயிரம் இடங்கள் கண்காணிக்கப்படுகின்றன என்று ஆகிவிடாது. பெரும்பாலான பதிவுகள் நிகழ்வு நடந்த பின்னர்த் தேடிப் பார்ப்பதற்கே உதவுகின்றன.

ஃபோர்ட் பெல்வோரின் 'விண்கல அறை'

இவ்வகைக் காட்சிக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்க இராணுவ உளவுப்பிரிவின் தகவல் ஆதிக்க மையம் ஆகும். இது வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் பெல்வோர் என்னும் இராணுவத் தளத்தில் இருந்தது. 'ஸ்டார் டிரெக்' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் மேல்தளத்தைப் போலவே இந்த அறை வடிவமைக்கப்பட்டிருந்தது. ஹாலிவுட் அரங்க வடிவமைப்பாளர் ஒருவரின் துணையுடன் உருவான இதில் பெரிய முகப்புத் திரை, பளபளக்கும் உலோகத் தகடுகள், ஓசையுடன் வழுக்கித் திறக்கும் கதவுகள், நடுவில் தலைவருக்கான தோல் இருக்கை ஆகியவை இருந்தன.

கீத் அலெக்சாண்டர் 2001 முதல் 2003 வரை இராணுவ உளவு மற்றும் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்தார். அக்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பிற முக்கியப் பிரமுகர்களையும் இந்த அறைக்கு அழைத்து வந்து காட்டினார். அவர்கள் தலைவர் இருக்கையில் அமர்ந்து பார்க்க, முன்னே திரையில் தரவுகளைக் கொண்டு செய்யும் வித்தைகள் காட்டப்பட்டன. அந்த இருக்கையில் ஒரு தடவையாவது அமர்ந்து தம்மை விண்கலத் தலைவராக நினைத்துப் பார்க்க எல்லோரும் விரும்பினர் என்று, முக்கியப் பிரமுகர் வருகைகளைக் கவனித்த முன்னாள் அதிகாரி ஒருவர் பின்னாளில் கூறினார். இச்செய்தியை 2013 செப்டம்பரில் 'ஃபாரின் பாலிசி' இதழில் பத்திரிகையாளர் ஷேன் ஹாரிஸ் விரிவாக வெளியிட்டார்.

இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாக மட்டும் கொள்ள முடியாது. அலெக்சாண்டர் 2005-இல் தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநரானார். 2014 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த முகமை அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை, அதாவது யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற பதிவுகளை, மொத்தமாகத் திரட்டி வந்தது. இது 2013 ஜூனில் எட்வர்ட் சுனோடன் வெளியிட்ட ஆவணங்களால் உலகுக்குத் தெரிந்தது. கண்காணிப்புத் திட்டங்களால் 54 சதிகள் முறியடிக்கப்பட்டன என்று அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேலவைக் குழுவின் முன் செனட்டர் பேட்ரிக் லேகி குறுக்கு வினாக்கள் தொடுத்தபோது, தொலைபேசிப் பதிவுத் திட்டத்தால் மட்டுமே கண்டறியப்பட்டவை ஒன்றோ இரண்டோ என்ற அளவுக்கு அந்த எண்ணிக்கை சுருங்கியது. தனியுரிமை மற்றும் குடியுரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் தந்த அறிக்கை, அத்திட்டம் எந்தப் பயங்கரவாத வழக்கின் முடிவிலும் திட்டவட்டமான மாற்றத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை என்றது. 2015 ஜூனில் இயற்றப்பட்ட சட்டம் மொத்தத் திரட்டலுக்கு முடிவு கட்டியது.

இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பல ஆண்டுகள் கழித்து, ஆவணங்கள் கசிந்த பிறகே கேட்கப்பட்டது என்பதே இந்நிகழ்வின் பாடம்.

திரைப்படமும் கொள்கையும்

அரசியலாளர்களின் மனத்தில் 'கட்டளை மையம்' என்ற படம் பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே பதிகிறது. 1983-இல் வெளியான 'வார் கேம்ஸ்' என்ற படத்தில் ஒரு சிறுவன் தன் வீட்டுக் கணினி மூலம் அமெரிக்க வான் பாதுகாப்புக் கணினிக்குள் நுழைந்துவிடுகிறான். அப்படத்துக்காக அமைக்கப்பட்ட கட்டளை அறை அரங்கம், உண்மையான அறையை விடப் பகட்டானது. அதிபர் ரொனால்ட் ரீகன் 1983 ஜூனில் இப்படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி நடக்க இயலுமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவரிடம் கேட்டார். ஒரு வாரத்தில், நிலைமை நினைப்பதை விட மோசம் என்ற விடை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1984 செப்டம்பரில் கணினிப் பாதுகாப்பு பற்றிய அதிபர் ஆணை ஒன்று பிறந்தது. படம் பார்த்ததால் ஒரு நல்ல கேள்வி பிறந்தது இங்கே. ஃபோர்ட் பெல்வோரில் படம் போன்ற அறையைப் பார்த்ததால் கேள்வி அடங்கிப் போனது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதிபர் சல்வடோர் அயெண்டே காலத்தில், 1971 முதல் 1973 வரை, அரசுத் தொழிற்சாலைகளை இணைக்கும் 'சைபர்சின்' திட்டம் நடந்தது. ஆங்கிலேய வல்லுநர் ஸ்டாஃபோர்ட் பீர் அதற்கு வழிகாட்டினார். கைப்பிடியில் பொத்தான்கள் பதித்த ஏழு சுழல் நாற்காலிகளுடன் அமைந்த அதன் இயக்க அறையின் படங்கள் இன்றும் புகழ் பெற்றவை. ஆனால் திரைகளில் தோன்றிய வரைபடங்களைக் கலைஞர்கள் கையால் வரைந்து, படவில்லைகளாக்கிக் கொடுத்தனர். அத்திட்டத்தில் உண்மையாகவே உழைத்தவை ஆலைகளில் வைக்கப்பட்ட டெலக்ஸ் கருவிகள். 1972 அக்டோபரில் சரக்குந்து உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கியபோது பொருள் போக்குவரத்தை ஒழுங்கு செய்ய உதவியது அந்த டெலக்ஸ் வலையமைப்பே.

அரசியலாளர்கள் கவரப்படுவதற்கான காரணங்கள்

முதற்காரணம் இரகசியம். சாலைத் துறை தான் போட்ட சாலையைக் காட்டலாம். உளவுத்துறை தன் வேலையை வெளியே சொல்ல முடியாது. வெற்றியையும் தோல்வியையும் மூடியே வைக்க வேண்டும். காட்டக் கூடியதாக எஞ்சுவது அறை ஒன்றே. எனவே அறையே வேலையின் சான்றாகி விடுகிறது.

இரண்டாவது, நேரம். ஓர் அமைச்சரின் வருகை அரை மணி நேரம் நீடிக்கலாம். அதற்குள் ஒரு துறையின் பிழை விகிதத்தை விளக்குவதை விட ஒரு காட்சியைக் காட்டுவது எளிது. காட்டப்படும் நிகழ்ச்சி முன்பே தேர்ந்து, ஒத்திகை பார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, இரு தரப்புக்கும் ஆதாயம். அதிகாரிக்கு ஒதுக்கீடு கிடைக்கிறது. அரசியலாளருக்குத் திரைகளின் முன் நிற்கும் படம் கிடைக்கிறது. கருவி விற்கும் நிறுவனத்துக்கு அடுத்த ஊரில் காட்டுவதற்கு ஒரு மாதிரி கிடைக்கிறது. மூவரில் எவருக்கும் கடினமான வினா எழுப்பும் தேவை இல்லை.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் என்னும் நினைப்பு தரும் நிறைவு. மன்னர்கள் மாறுவேடத்தில் நகர்வலம் வந்து குறை அறிந்தார்கள் என்று நம் கதைகள் கூறும். நகர்வலத்தில் மன்னர் மக்களிடம் போனார். இங்கு மக்கள் சிறு புள்ளிகளாகித் திரைக்கு வருகிறார்கள். புள்ளியிடம் குறை கேட்க இயலாது.

இந்திய அனுபவம்

இந்தியாவில் கட்டளை மையங்கள் பரவலானதற்கு முக்கியக் காரணம், 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட சீர்மிகு நகரங்கள் திட்டம் ஆகும். தேர்ந்தெடுக்கப்பட்ட 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், ஈரோடு, திருப்பூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, வேலூர் ஆகிய 11 நகரங்கள் இத்திட்டத்தில் இடம்பெற்றன. உலக அளவில் இதற்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது பிரேசிலின் ரியோ டி ஜனேரோ நகரில் 2010 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்ட இயக்க மையம். அவ்வாண்டு ஏப்ரலில் பெய்த பெருமழையிலும் நிலச்சரிவிலும் பலர் இறந்ததை அடுத்து அது உருவானது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2017 நவம்பரில், முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு தலைமைச் செயலக வளாகத்தில் நிகழ்நேர ஆளுகை மையத்தைத் திறந்தார். அதன் மிகப் பெரிய திரைச்சுவர் மாநிலத்துக்கு வரும் விருந்தினர்களுக்குக் காட்டப்படும் முதன்மை இடங்களில் ஒன்றாயிற்று. தெலங்கானாவில் 2015-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவல்துறைக் கட்டளை மையம், ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் பல அடுக்குக் கோபுரங்களாக எழுந்து, 2022 ஆகஸ்டு 4 அன்று முதலமைச்சர் சந்திரசேகர ராவால் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், முகம் அறியும் கருவிகளைத் தெலங்கானா காவல்துறை பயன்படுத்துவதை எதிர்த்த வழக்கும் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் முன் இருந்தது. திறப்பு விழாப் படங்களைப் பார்த்தவர்களில் இந்த வழக்கைப் பற்றி அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கல்வித்துறையும் விலக்கு அல்ல. குஜராத்தின் காந்திநகரில் உள்ள வித்யா சமிக்‌ஷா கேந்திரம் பள்ளிகளுக்கான கட்டளை மையம் ஆகும். 2022 ஏப்ரல் 18 அன்று பிரதமர் நரேந்திர மோடி அதனைப் பார்வையிட்டார். ஆண்டுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட தரவுகள் அங்குத் திரட்டப்படுவதாக அரசுக் குறிப்பு தெரிவித்தது. இத்தகைய மையங்களைப் பிற மாநிலங்களிலும் அமைக்க ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஊக்கம் அளித்தது. பிள்ளைகளின் வருகை, தேர்ச்சி முதலியவற்றை ஒரே பார்வையில் அறிவது பயனுள்ளதே. ஆனால் திரையில் ஒளிரும் ஒவ்வோர் எண்ணையும் ஏதோ ஒரு வகுப்பறையில் ஓர் ஆசிரியர்தான் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டியுள்ளது. தமிழ்நாட்டிலும் கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தில் பதிவேற்றும் பணி கற்பித்தல் நேரத்தை விழுங்குகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து எழுப்பி வரும் குறை. எண்ணைத் திரட்டும் உழைப்பு திரையில் தெரிவதில்லை.

உளவுத்துறையைப் பொறுத்தவரை, 1999 கார்கில் போர் ஒரு திருப்பம். பாகிஸ்தான் படையினர் மலைமுகடுகளில் ஊடுருவியிருந்ததை முதலில் கண்டு சொன்னவர், காணாமற்போன தன் யாக்கு எருமையைத் தேடிச் சென்ற தாஷி நம்கியால் என்ற கால்நடை மேய்ப்பர். போருக்குப் பின் அமைக்கப்பட்ட கார்கில் ஆய்வுக் குழுவுக்கு, திருச்சிராப்பள்ளியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்பிரமணியம் தலைமை தாங்கினார். உளவு அமைப்புகளிடையே ஒருங்கிணைப்பு இல்லாமையை அக்குழு சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2001-இல் உளவுச் செய்திகளைப் பகிர்வதற்கான பன்முகமை மையம் உருவானது. இருப்பினும் 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின்போது, முன்னரே வந்திருந்த எச்சரிக்கைத் துணுக்குகள் ஒன்றுசேர்ந்து உரிய இடத்தில் செயலாகவில்லை. அதன்பின் மையம் வலுப்படுத்தப்பட்டது. 2025 மே 16 அன்று, புதுப்பிக்கப்பட்ட பன்முகமை மையத்தை உள்துறை அமைச்சர் அமித் ஷா தில்லியில் திறந்து வைத்தார். இந்த வரலாற்றில் ஒவ்வொரு முறையும் குறைந்துபோனது திரையின் அளவு அன்று. ஒரு துறை மற்றொரு துறைக்குச் செய்தியை உரிய நேரத்தில் சொல்வதும், கேட்டவர் செயற்படுவதும்தான்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்குகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு 1077. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதலமைச்சரும் அமைச்சர்களும் எழிலக மையத்தில் திரைகளைப் பார்வையிடும் படங்கள் செய்தித்தாள்களில் வருவது வழக்கம். அரசுத் திட்டங்களின் முன்னேற்றத்தைக் காட்டும் முதலமைச்சரின் தகவல் பலகை 2021 டிசம்பரில் தலைமைச் செயலகத்தில் தொடங்கப்பட்டது.

பயன்பாட்டுக்கு ஒரு சான்று 2021 மே மாதத்துக் கொரோனா இரண்டாம் அலைக்காலத்தில் கிடைக்கிறது. சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் இயங்கிய போர் அறைக்கு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இரவில் திடீரெனச் சென்று, படுக்கை வசதி கேட்டு வந்த அழைப்பு ஒன்றைத் தாமே எடுத்துப் பேசினார். அந்தக் காணொளி பரவலாகப் பகிரப்பட்டது. அதிலும் ஒரு காட்சித்தன்மை இருந்தது என்று சொல்லலாம். ஆயினும் அந்த அறையின் மையப் பொருள் திரை அன்று, தொலைபேசி. எந்த மருத்துவமனையில் எத்தனை ஆக்சிஜன் படுக்கைகள் காலியாக உள்ளன என்ற கணக்கு சரியாக இருந்தால்தான் எடுத்த அழைப்புக்கு விடை சொல்ல முடியும். இதே காலத்தில் பல நகரங்களின் ஒருங்கிணைந்த கட்டளை மையங்களும் ஆம்புலன்ஸ், படுக்கை, தனிமைப்படுத்தல் ஆகிய பணிகளுக்குப் பயன்பட்டன.

புதுக்கோட்டையும் கஜா புயலும்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கியது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. கடலோர மாவட்டங்களில் பல்லாயிரம் பேர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதல் நாளில் அரசின் முன்னேற்பாடுகளுக்கு எதிர்க்கட்சியினரிடமிருந்தும் பாராட்டுக் கிடைத்தது.

அதன்பின் வந்த நாள்களில் நிலைமை வேறாகத் தெரிந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பகுதிகளில் தென்னை, பலா, வாழை, தைல மரங்கள் அடியோடு சாய்ந்தன. சாலைகள் மரங்களால் அடைபட்டன. பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்து, பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. மின்சாரம் இன்றி மேல்நிலைத் தொட்டிகளில் நீர் ஏறவில்லை. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. குடிநீரும் மின்சாரமும் கேட்டு மக்கள் சாலைகளில் அமர்ந்தனர்.

இங்கே கட்டளை மையங்கள் பற்றிய ஓர் அடிப்படை உண்மை விளங்கும். எந்த ஊரில் சேதம் மிகக் கடுமையோ, அந்த ஊரிலிருந்துதான் செய்தி வருவது முதலில் நின்றுபோகும். மின்சாரமும் கோபுரமும் உள்ள ஊரிலிருந்து நூறு புகார்கள் வரும். இரண்டும் இல்லாத ஊரிலிருந்து ஒன்றும் வராது. திரையை மட்டும் பார்ப்பவருக்கு நூறு புகார் வந்த ஊர் சிவப்பாகவும், ஒன்றும் வராத ஊர் பச்சையாகவும் தோன்றக் கூடும். உண்மை தலைகீழாக இருக்கும். ஆகவே பேரிடரின்போது 'செய்தி இல்லை' என்பதைத் தனி நிறத்தில் காட்டுவதும், அங்கு உடனே ஆள் அனுப்புவதும் கட்டளை மையத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் சென்று பார்த்து வரும் கிராம நிர்வாக அலுவலரும், மரம் அறுக்கும் இயந்திரத்தோடு நிற்கும் இளைஞர்களும், வயர்லெஸ் கருவி வைத்திருக்கும் காவலரும் அப்போது எந்தத் திரைக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

புதுக்கோட்டை சீர்மிகு நகரங்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் நகராட்சியாக இருந்த இவ்வூர் 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. புதிய மாநகராட்சிகளுக்குக் கேமராக்களும் கட்டுப்பாட்டு அறைகளும் வருவது இயல்பு. என்ன வாங்குவது, எதற்காக வாங்குவது என்ற வினாக்கள் இனி இங்குள்ள மன்ற உறுப்பினர்களின் முன்னும் வரும்.

அக்ஸ்பிரிட்ஜ்: வேலைக்கான அறை

காட்சிக்காக அன்றி வேலைக்காகவே அமைந்த கட்டளை அறைக்கு நல்ல சான்று, இலண்டன் அருகே அக்ஸ்பிரிட்ஜில் நிலத்துக்கு அடியில் இருந்த பிரித்தானிய விமானப்படையின் இயக்க அறை. 1940-இல் செர்மானிய விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கியபோது தென்கிழக்குப் பகுதியின் பாதுகாப்பு இங்கிருந்து நடத்தப்பட்டது. பெரிய மேசை மீது விரித்த வரைபடத்தில், விமானப்படையின் மகளிர் பிரிவினர் நீண்ட கோல்களால் சிறு கட்டைகளை நகர்த்தி, எதிரி விமானங்கள் இருக்கும் இடத்தைக் காட்டினர்.

அந்த அறையின் சிறப்பு ஒரு கடிகாரத்தில் இருந்தது. அதன் முகம் ஐந்து ஐந்து நிமிடங்களாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் பிரிக்கப்பட்டிருந்தது. செய்தி வந்த நேரத்தின் நிறமே மேசை மீதுள்ள குறியீட்டுக்கும் தரப்பட்டது. எனவே மாடத்தில் நிற்கும் தளபதி ஒரே பார்வையில் எந்தச் செய்தி புதியது, எது பழையது என்று அறிந்தார். இன்றைய பல திரைகளில் எண்கள் ஒளிர்கின்றன. அவை இன்று காலை வந்தவையா, போன வாரத்தவையா என்பது தெரிவதில்லை.

1940 செப்டம்பர் 15 அன்று பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் இந்த அறைக்கு வந்தார். போர் உச்சத்தில் இருந்தபோது, கைவசம் இன்னும் எத்தனை விமான அணிகள் மீதம் உள்ளன என்று தளபதி கீத் பார்க்கிடம் கேட்டார். ஒன்றும் இல்லை என்பதே விடை. இச்செய்தியைச் சர்ச்சில் தம் போர் நினைவு நூலில் எழுதியுள்ளார். வருகை தரும் ஆட்சியாளர் குறையைப் பற்றிய நேரடி வினாவைக் கேட்பதும், அதிகாரி பூசி மெழுகாமல் விடை சொல்வதும் எப்படி இருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மேற்பார்வை

காட்சிக்கு மாற்று மேற்பார்வை. அமெரிக்காவில் உளவு அமைப்புகளின் முறைகேடுகளை 1975-இல் சர்ச் குழு விசாரித்தது. பின்னர் 1976-இல் மேலவையிலும் 1977-இல் கீழவையிலும் நிலையான உளவு மேற்பார்வைக் குழுக்கள் தோன்றின. இருந்தும் 'விண்கல அறை' நிகழ்வு, குழு இருப்பது மட்டும் போதாது, அதன் உறுப்பினர்கள் கேள்வி கேட்பவர்களாக இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. பிரித்தானியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்றை ஏற்படுத்தியது.

இந்தியாவில் உளவுப் பணியகத்தின் தொடக்கம் 1887 எனக் கொள்ளப்படுகிறது. வெளிநாட்டு உளவுக்கான 'ரா' அமைப்பு 1968-இல் உருவானது. இவற்றை மேற்பார்வையிட நாடாளுமன்றக் குழு ஏதும் சட்டப்படி அமைக்கப்படவில்லை. இதற்கென 2011-இல் மணீஷ் திவாரி கொணர்ந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் மட்டும் அவ்விலக்குக்கு வெளியே உள்ளன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு வழி விடுகிறது. கேட்க வேண்டிய இடங்கள் குறைவாக உள்ள நாட்டில், பார்வையிடச் செல்லும் மக்கள் பிரதிநிதியின் ஒரு மணி நேரம் கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

பார்வையிடுவோர் கேட்கத்தக்க வினாக்கள்

கட்டளை மையம் ஒன்றைப் பார்வையிடும் மன்ற உறுப்பினரோ, சட்டமன்ற உறுப்பினரோ, செய்தியாளரோ கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டால், அறையின் உண்மைத் தன்மை விளங்கும்.

1. இந்தத் திரையில் உள்ள தகவல் எத்தனை மணிக்கு வந்தது? அதைச் சரிபார்த்தவர் யார்?

2. இணைக்கப்பட்ட கேமராக்களில் இன்று வேலை செய்பவை எத்தனை? பழுதானவற்றைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது?

3. போன மாதம் இந்த மையத்தால் தொடங்கிய நடவடிக்கைகள் எவை? மையம் இல்லாதிருந்தால் அவை நடந்திரா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

4. தவறான எச்சரிக்கைகள் எத்தனை? தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு என்ன பரிகாரம்?

5. மக்களின் பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன? அவற்றை யார் பார்க்கலாம்? பார்த்தவர் பெயர் பதிவாகிறதா?

6. மின்சாரமும் இணையமும் அறுந்தால் இந்த அறை எப்படி இயங்கும்?

7. ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு? ஒப்பந்தம் முடிந்தபின் அதை யார் ஏற்பார்கள்?

8. நாங்கள் வராத நாளில், இரவு இரண்டு மணிக்கு, இந்த இருக்கைகளில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இவற்றுக்கு எண்ணோடு விடை தரும் மையம், அதன் திரை சிறியதாக இருந்தாலும், நல்ல மையம். விடைக்குப் பதிலாக மற்றொரு காட்சி திரையில் ஓடத் தொடங்கினால், மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பதே பிரதிநிதியின் கடமை. எட்டாவது வினாவுக்கு மட்டும் அதிகாரியின் விடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சொல்லாமல் ஓர் இரவு போய்ப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.